இன்டர்கூலர் சர்க்யூட்டில் என்ன ஊற்றுவது? தண்ணீருக்கும் கிளைக்காலுக்கும் ஒரு கணக்கு

டர்போவோ சூப்பர்சார்ஜரோ வைத்த இன்ஜினில், சிலிண்டருக்குள் போகும் காற்று முதலில் அமுக்கப்படுகிறது. அமுக்கினால் காற்று சூடேறும். வெளியே 35 டிகிரி அடிக்கும் நாளில், 0.9 பார் பூஸ்ட் (கூடுதல் அழுத்தம்) தரும் டர்போவை விட்டு வரும் காற்று 120 டிகிரியைத் தாண்டிவிடும். சூடான காற்று லேசானது. அதே கொள்ளளவில் ஆக்சிஜன் குறைவாகத்தான் இருக்கும். பெட்ரோல் இன்ஜினுக்கு அதைவிடப் பெரிய தலைவலி நாக்கிங், அதாவது சூட்டினால் எரிபொருள் கலவை தானாகவே வெடிப்பது. நாக் சென்சார் அதைப் பிடித்ததும் இசியு (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும். பவர் இறங்கும், மைலேஜும் சேர்ந்து இறங்கும். அதனால்தான் டர்போவுக்கும் சிலிண்டருக்கும் நடுவே காற்றைக் குளிர்விக்க ஒரு இன்டர்கூலர்.

பெரும்பாலான வண்டிகளில் அது முன் பம்பருக்குப் பின்னால் நிற்கும். எதிர்க்காற்றே அதைக் குளிர்விக்கும். இன்னொரு வகையில் வெப்பத்தைத் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. ஒரு சிறிய 12 வோல்ட் பம்ப் அந்தத் தண்ணீரை முன்னால் இருக்கும் தனி ரேடியேட்டருக்குத் தள்ளுகிறது. அங்கே ஆறி மறுபடி திரும்புகிறது. 1989இன் சுபாரு லெகசி ஆர்எஸ், 1994இல் வந்த டொயோட்டா செலிகா ஜிடி-ஃபோர், 2003 ஃபோர்டு மஸ்டாங் கோப்ரா, 2015 டாட்ஜ் ஹெல்கேட் எல்லாம் இந்த வகைதான். நம் ஊர்ச் சாலையில் அடிக்கடி கண்ணில் படுவது ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா 1.0 டிஎஸ்ஐ இன்ஜின்: டைகுன், விர்ட்டஸ், குஷாக், ஸ்லாவியா. அதில் இன்டர்கூலர் இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. காற்று போகும் வழி குட்டையாகிவிடுவதால் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் பூஸ்ட் சீக்கிரம் கிடைக்கிறது.

தண்ணீர் சுற்றும் இந்த சர்க்யூட்டில் என்ன ஊற்ற வேண்டும் என்று கேட்டால், கடையில் யோசிக்காமல் வரும் பதில் "பாதிக்குப் பாதி கூலன்ட்". இன்ஜினுக்கு அது சரி. இன்டர்கூலருக்குத் தனியாகக் கணக்குப் போட வேண்டும்.

இன்ஜின் சர்க்யூட் வேறு, இது வேறு

இன்ஜின் கூலன்ட் 90 முதல் 105 டிகிரியில் ஓடுகிறது. அதில் கிளைக்கால் (glycol, கூலன்டின் அடிப்படைத் திரவம்) கலப்பதற்கு மூன்று காரணங்கள்: கொதிநிலையை உயர்த்த, உறையாமல் காக்க, உலோகத்தை அரிக்காமல் தடுக்கும் இன்ஹிபிட்டர் மருந்துகளைச் சேர்த்துக் கொண்டுவர. இன்டர்கூலர் சர்க்யூட்டில் ஓடும் நீரோ வெளிக்காற்றைவிடப் பத்து, இருபது டிகிரி மேலே, சுமார் 40 முதல் 60 டிகிரியில் சுற்றுகிறது. அது கொதிக்கப் போவதில்லை. முதல் காரணம் அங்கேயே விழுந்துவிட்டது. இரண்டாவது, நீங்கள் இருக்கும் ஊரைப் பொறுத்தது. மூன்றாவதுதான் எந்த ஊரிலும் போகாதது.

கிளைக்கால் இலவசமாக வருவதில்லை. 40 டிகிரி அளவில் ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.18 கிலோஜூல் வேண்டும். பாதி எத்திலீன் கிளைக்கால் கலந்தால் ஏறத்தாழ 3.4தான். கலவை கொஞ்சம் கனமானது என்பதால் லிட்டர் கணக்கில் பார்த்தால் இழப்பு சுமார் 13 சதவீதம். 30 சதவீதக் கலவையில் சுமார் 7 சதவீதம். வெப்பத்தைக் கடத்தும் திறன் பாதிக்குப் பாதியில் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. பிசுக்கு (ஓடவிடாமல் தடுக்கும் கெட்டித்தன்மை) மூன்று மடங்குக்கு மேல் கூடுகிறது. கடைசியாகச் சொன்னதுதான் நடைமுறையில் அதிகம் கடிக்கும். இந்தச் சிறிய மின்சார பம்புகளுக்குத் தள்ளும் பலம் குறைவு. திரவம் கெட்டியானால் ஓட்டம் நேரடியாகக் குறையும். மெல்லிய குழாய்ச் சுவரை ஒட்டிய திரவம் நடுவில் ஓடுவதோடு சரியாகக் கலக்காமல் சோம்பிப் போகும்.

இனி எண்களைப் போட்டுப் பார்ப்போம். 150 குதிரைத்திறன் பெட்ரோல் இன்ஜின் முழு பவரில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 7 கிலோ காற்றை இழுக்கும். அந்தக் காற்றை 125 டிகிரியிலிருந்து 45க்கு இறக்க 9 கிலோவாட்டுக்குச் சற்று மேல் வெப்பத்தை எடுக்க வேண்டும். பம்ப் நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓட்டினால், வெறும் தண்ணீர் இன்டர்கூலரைக் கடந்து வரும்போது 13.5 டிகிரி சூடாகும். பாதிக்குப் பாதி கலவை 15.5 டிகிரி. வித்தியாசம் 2 டிகிரி. பிசுக்கினால் ஓட்டம் குறைவதையும் சேர்த்தால் இன்னும் சில டிகிரி. இன்டேக் காற்று 10 டிகிரி குளிர்ந்தால் அடர்த்தி சுமார் 3 சதவீதம் ஏறும் என்பதை வைத்துப் பார்த்தால், கலவையை மாற்றுவதால் மட்டும் கிடைக்கும் பவர் கொஞ்சம்தான்.

கலவை மாற்றினால் வண்டி பறக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இன்டர்கூலரின் இரண்டு முனையிலும் காற்றுப் பக்கம்தான் முட்டுக்கட்டை. தண்ணீர்ப் பக்கம் ஏற்கெனவே நன்றாகத்தான் வேலை செய்கிறது. முன் ரேடியேட்டரின் தகட்டு இடுக்குகளில் சேர்ந்த தூசியையும் பூச்சியையும் கழுவுவது, சோர்ந்துபோன பம்பை மாற்றுவது, ஏர் லாக் (உள்ளே சிக்கிய காற்று) எடுப்பது ஆகிய மூன்றும் கலவையைவிடப் பெரிய வித்தியாசம் தரும். ஆனாலும் எப்படியும் ஏதோ ஒன்றை ஊற்றத்தான் போகிறோம்; தேவையில்லாத கிளைக்காலை ஏன் சுமக்க வேண்டும்?

முதலில் ஒரு கேள்வி: சர்க்யூட் தனியா, பகிர்வா?

இதற்குப் பதில் தெரியாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள். 1.0 டிஎஸ்ஐ போன்ற கம்பெனி வண்டிகளில் இன்டர்கூலருக்குத் தனிப் பம்பும் தனி ரேடியேட்டரும் இருந்தாலும், கூலன்ட் டேங்க் இன்ஜினோடு பொது. இரண்டு சர்க்யூட்டிலும் ஒரே திரவம்தான் இருக்கிறது. மெல்லக் கலந்துகொண்டும் இருக்கும். இன்டர்கூலருக்கு வெறும் தண்ணீர் போதும் என்று டேங்கில் ஊற்றினால் அது இன்ஜினுக்கும்தான் போய்ச் சேரும்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த இன்ஜின் குடும்பத்தில் அதே குளிர் சர்க்யூட்தான் டர்போவின் பேரிங் இருக்கும் கூட்டையும் குளிர்விக்கிறது. நெடுஞ்சாலையில் விரட்டி ஓட்டிவிட்டு உடனே அணைத்தால், டர்போவில் தேங்கிய சூடு கூலன்டுக்குள் இறங்கும். அதற்காகவே இக்னிஷன் அணைத்த பிறகும் அந்தச் சின்ன பம்ப் சில நிமிடம் ஓடும். பானெட்டுக்குள் மெல்லிய ரீங்காரம் கேட்டால் பயப்பட வேண்டாம். 'இங்கே எதுவும் கொதிக்காது' என்று மேலே சொன்ன விதி இந்த இடத்தில் செல்லாது. எனவே இவ்வகை வண்டிகளில் கம்பெனி சொன்னதை மாற்றக் கூடாது: ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் ஜி13 அல்லது ஜி12 ஈவோ வகைக் கூலன்ட், கான்சன்ட்ரேட் (தண்ணீர் கலக்காத கூலன்ட்) பங்கு குறைந்தது 40, மிஞ்சினால் 60 சதவீதம். சென்னையில் பனி பெய்யாதே என்று 40க்குக் கீழே இறக்க வேண்டாம். அந்த 40இல் பாதி காரணம் இன்ஹிபிட்டர்தான்.

இனிச் சொல்லப்போகும் தேர்வெல்லாம் சர்க்யூட் முழுக்கத் தனியாக உள்ள வண்டிக்கு: தனி டேங்க், தனி பம்ப், தனி ரேடியேட்டர், டர்போவோடு தொடர்பில்லாத ஹோஸ். வெளியில் வாங்கிப் பூட்டும் வாட்டர் இன்டர்கூலர் கிட்டுகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். மொத்தக் கொள்ளளவு 4 முதல் 8 லிட்டர்.

எந்தக் கலவை யாருக்கு

எத்திலீன் கிளைக்கால் கொள்ளளவுக் கணக்கில் 20 சதவீதம் இருந்தால் சுமார் மைனஸ் 8 டிகிரி வரை உறையாது. 30 சதவீதத்துக்கு மைனஸ் 14, 40க்கு மைனஸ் 24, 50க்கு மைனஸ் 37. இன்னும் ஊற்றினால் இன்னும் நல்லது என்று நினைக்க வேண்டாம். கலப்படமில்லாத கிளைக்கால் மைனஸ் 13லேயே உறைந்துவிடும். லே நகரில் ஜனவரி இரவைத் தாங்க வேண்டிய வண்டிக்கு 50 தேவை. ஊட்டியில் உறைபனி விழும் காலைகளுக்கு 30 தாராளம். சென்னை, மதுரை, திருச்சி என்று சமவெளியில் மட்டும் ஓடும் வண்டிக்கு உறையும் பயம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

சமவெளி வண்டிக்கு இரண்டு நல்ல வழிகள் உண்டு. ஒன்று, டிஎம் வாட்டரும் (தாது உப்பு நீக்கிய தண்ணீர்) கிளைக்கால் இல்லாத இன்ஹிபிட்டரும். ரெட்லைன் வாட்டர்வெட்டர் என்றால் 355 மில்லி பாட்டில் ஒன்று 12 முதல் 15 லிட்டருக்கு வரும். ஆக லிட்டருக்கு 25 மில்லி. மோட்டுல் மோகூல் என்றால் 5 சதவீதம், 6 லிட்டர் சர்க்யூட்டுக்கு 300 மில்லி. இன்னொன்று, 30 சதவீத கிளைக்கால் கலவை. வெப்பம் சுமப்பதில் கொஞ்சம் பின்தங்கினாலும், இரண்டு வருடம் திரும்பிப் பார்க்காமல் விடலாம். வாரம் ஒரு முறை பானெட் திறப்பவருக்கு முதல் வழி, திறக்காதவருக்கு இரண்டாவது. தினசரி ஓடும் வண்டிக்கு எங்கள் ஓட்டு இரண்டாவதற்கே.

வாட்டர்வெட்டர் வகைத் திரவங்களைப் பற்றி ஒரு வார்த்தை. நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்து வெப்பத்தை வேகமாக எடுக்கும் என்று பாட்டிலில் எழுதியிருக்கும். சிலிண்டர் ஹெட்டில், உலோகத்தை ஒட்டிச் சின்னச் சின்னக் குமிழாகக் கொதிக்கும் இடத்தில் அதற்கு ஒரு பொருள் உண்டு. 50 டிகிரியில் கொதிப்பே இல்லாத இன்டர்கூலரில் அந்த வேலைக்கு இடமில்லை. இங்கே நாம் அதை ஊற்றுவது அதிலுள்ள அரிப்புத் தடுப்பானுக்காக மட்டும். டிகிரி குறையும் என்று இரண்டு பாட்டில் ஊற்றினால் நுரைதான் மிஞ்சும்.

செய்யவே கூடாத கலவை ஒன்று உண்டு. அதைத்தான் நிறையப் பேர் செய்கிறார்கள்: 'சும்மா கொஞ்சம் கூலன்ட்' என்று 10 சதவீதம். கூலன்டிலுள்ள இன்ஹிபிட்டரின் அளவு, 30 முதல் 50 சதவீதம் கலப்பார்கள் என்று கணக்கிட்டு வைக்கப்பட்டது. பத்தாகக் குறைத்தால் மருந்து மிஞ்சிப் போனால் மூன்றில் ஒரு பங்குதான். அதோடு, நீர்த்துப்போன கிளைக்கால் பாக்டீரியாவுக்கு நல்ல சாப்பாடு. இன்ஜின் சர்க்யூட் 90 டிகிரியில் ஓடுவதால் கிருமிகள் தாக்குப்பிடிக்காது. இன்டர்கூலர் சர்க்யூட்டின் 40 டிகிரி அவற்றுக்குத் தொட்டில் மாதிரி. சில மாதத்தில் டேங்கின் உள்சுவரில் வழவழவென்று பிசின் படியும், மூடியைத் திறந்தால் புளித்த வாடை வரும், திரவம் அமிலமாகி அலுமினியத்தைத் தின்னும். ஆகவே ஒன்று கிளைக்கால் பூஜ்யம், இல்லாவிட்டால் குறைந்தது 25 முதல் 30. நடுவில் நிற்காதீர்கள்.

புரோப்பிலீன் கிளைக்கால் நஞ்சு குறைந்தது. வீட்டில் நாயோ சின்னக் குழந்தையோ இருந்தால் அதைத் தேர்வதில் நியாயம் இருக்கிறது; எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், கொஞ்சம் நக்கினாலே நாய் செத்துப்போகலாம். ஆனால் புரோப்பிலீன் இன்னும் கெட்டியானது, பம்புக்குக் கூடுதல் சுமை. தண்ணீரே இல்லாத கூலன்ட் என்று விற்பதை இங்கே தொட வேண்டாம். மிக உயரமான கொதிநிலைதான் அதன் பெருமை. அந்தப் பெருமையால் நமக்கு ஒரு பயனும் இல்லை. ஒரு கிலோவுக்கு அது சுமக்கும் வெப்பம் தண்ணீரின் மூன்றில் இரண்டு பங்குக்கும் கீழே. மெத்தனால் கலப்பவர்களும் உண்டு. பிசுக்கு குறைவுதான், ஆனால் அது ஆவியாகும், எளிதில் தீப்பிடிக்கும், சுவாசித்தாலும் தோலில் பட்டாலும் கெடுதி. சாலை வண்டியில் அதற்கு வேலையில்லை.

ரேஸ் டிராக்கில் ஓட்டப் போகிறவர் முன்கூட்டியே விதிப்புத்தகத்தைப் பார்ப்பது நல்லது. கிளைக்கால் தரையில் கொட்டினால் எண்ணெய் போல வழுக்கும், தண்ணீர் போல உலராது. அதனால் பல டிராக்குகளில் அதற்கு அனுமதி கிடையாது. சர்வதேச மோட்டார்சைக்கிள் கூட்டமைப்பான எஃப்ஐஎம்மின் பைக் ரேஸ்களில் இன்ஜின் கூலன்டாகத் தண்ணீர், அல்லது எத்தில் ஆல்கஹால் கலந்த தண்ணீர் மட்டுமே.

தண்ணீரில் கஞ்சத்தனம் வேண்டாம்

அலுமினியம் தன் மேல் தானே ஒரு ஆக்சைடு படலத்தைப் போட்டுக்கொண்டு உயிர் வாழும் உலோகம். நீரின் பிஎச் ஏறத்தாழ 4.5க்கும் 8.5க்கும் நடுவில் இருக்கும்வரை அந்தப் படலம் நிற்கும். குளோரைடு இருந்தால் அதற்குள்ளும் ஊசிமுனை ஓட்டை விழும். சென்னையின் பல பகுதிகளில் போர்வெல் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்திருக்கும் பொருட்களின் அளவு) 1000ஐத் தாண்டும். அதில் பெரும்பங்கு உப்புதான். ஆர்ஓ தண்ணீர் குடிக்கச் சரி, ஆனால் அதிலும் கொஞ்சம் உப்பு இருக்கும். தேவைப்படுவது டிஸ்டில்டு அல்லது டிஎம் வாட்டர். பேட்டரிக் கடையில் 5 லிட்டர் கேனில் கிடைக்கும். டிடிஎஸ் மீட்டர் வைத்துப் பார்த்தால் 10க்குக் கீழே காட்ட வேண்டும். வாங்கும்போது லேபிளைப் படியுங்கள், அதே அலமாரியில் பேட்டரி ஆசிடும் இருக்கும்.

கிட்டோடு வரும் பித்தளை நிப்பிள்களையும் (ஹோஸ் மாட்டும் முனைகள்) கவனிக்க வேண்டும். அலுமினியமும் பித்தளையும் ஒரே நீரில் நனைந்தால் அது ஒரு பேட்டரி, அரிபடுவது அலுமினியம். முடிந்தவரை நிப்பிள், டேங்க், ரேடியேட்டர் எல்லாம் அலுமினியமாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்கட்டும். எர்த் ஒயர் சரியில்லாத வண்டியில் மின்னோட்டம் கூலன்ட் வழியாகவே போகும். மல்டிமீட்டரின் சிவப்பு முனையைக் கூலன்டில் (உலோகத்தில் படாமல்) நனைத்து, கறுப்பு முனையைப் பேட்டரி மைனஸில் வைத்துப் பாருங்கள். பம்பும் ஃபேனும் ஓடும்போது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தைச் சரிசெய்த பிறகு மற்றதைப் பேசலாம்.

கூலன்டை நிறத்தை வைத்து வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, ஊதா எல்லாம் சாயம்; கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பாட்டிலின் பின்பக்கம் ஐஎஸ் 5759, ஜேஐஎஸ் கே 2234, ஏஎஸ்டிஎம் டி3306 போன்ற தரக்குறி இருக்கிறதா, சிலிகேட் உள்ளதா இல்லாததா, கான்சன்ட்ரேட்டா கலந்து வந்ததா என்று பாருங்கள். 'ரெடி டு யூஸ்' என்று எழுதிய பாட்டிலில் மேலும் தண்ணீர் ஊற்றினால், மேலே சொன்ன 10 சதவீதச் சிக்கலில் தெரியாமலே போய் விழுவீர்கள். இரண்டு வகையைக் கலந்தால் ஜெல்லியாகத் திரியலாம். மெல்லிய குழாய்களை அடைக்க அது போதும்.

அளந்து ஊற்றும் முறை

6 லிட்டர் சர்க்யூட்டை 30 சதவீதத்துக்குக் கொண்டுவருவதாக வைத்துக்கொள்வோம். பழையதைக் கீழ் ஹோஸ் வழியாக வடியுங்கள். டிஎம் வாட்டர் ஊற்றி, பம்பை ஐந்து நிமிடம் ஓட்டி, மறுபடி வடியுங்கள். வரும் நீர் நிறமில்லாமல் ஆகும்வரை இதைச் செய்ய வேண்டும், பெரும்பாலும் மூன்று முறை. எவ்வளவு வடித்தாலும் கோருக்குள்ளும் (இன்டர்கூலரின் உள்குழாய்த் தொகுதி) பம்புக்குள்ளும் கொஞ்சம் தங்கும். கடைசி முறை வடிந்ததை ஜாடியில் அளந்தால் தங்கியது தெரியும்: 6 லிட்டரில் 4.5 வந்தால் 1.5 லிட்டர் தண்ணீர் உள்ளே இருக்கிறது. மொத்தத்தில் 30 சதவீதம் என்றால் 1.8 லிட்டர் கான்சன்ட்ரேட் வேண்டும். அதை முதலில் ஊற்றிவிட்டு, மீதி 2.7 லிட்டருக்கு டிஎம் வாட்டர். வெளியே வாளியில் 30க்கு 70 என்று கலந்து ஊற்றினால், உள்ளே தங்கிய தண்ணீர் அதை 22, 23க்கு இழுத்துவிடும்.

ஊற்றும்போது டேங்க்தான் சர்க்யூட்டில் மிக உயரமான இடமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்குங்கள். பம்பை அரை நிமிடம் ஓட்டுங்கள், நிறுத்துங்கள், மட்டம் இறங்கியிருந்தால் நிரப்புங்கள், மறுபடி ஓட்டுங்கள். பம்பை உலர்ந்து ஓட விடக் கூடாது. அதன் பேரிங்குக்கு இந்தத் திரவமே மசகு, சில நிமிடத்தில் எரிந்துபோகும். வெறும் தண்ணீர் ஊற்றத் திட்டமிட்டால், பம்ப் கம்பெனி குறைந்தபட்ச கிளைக்கால் அளவு ஏதாவது சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். சொல்லியிருந்தால் அதற்குக் கீழே போகாதீர்கள்.

ஒரு நாள் ஓட்டிய பிறகு ரிஃப்ராக்டோமீட்டரில் (ஒளி வளைவதை வைத்துக் கலவை விகிதம் காட்டும் கருவி) இரண்டு சொட்டு வைத்துப் பார்க்கலாம். எத்திலீனுக்கும் புரோப்பிலீனுக்கும் அதில் தனித்தனி அளவுகோல் இருக்கும். அளவுகோலை மாற்றிப் பார்த்தால் விடையும் தப்பாகிவிடும். மிதவை போட்டு அடர்த்தி பார்க்கும் பழைய கருவி புரோப்பிலீனுக்கு உதவாது, ஏனென்றால் அதன் அடர்த்தி ஓரளவு வரை ஏறி, பிறகு இறங்கும்.

ஓட்டத்தையும் அளந்துவிடுங்கள். டேங்குக்குத் திரும்பும் ஹோஸைக் கழற்றி வாளியில் விட்டு, டேங்கைத் தொடர்ந்து நிரப்பிக்கொண்டே ஒரு நிமிடம் பம்பை ஓட்டினால், வாளியில் எத்தனை லிட்டர் என்பதே விடை. பெட்டியில் 20 லிட்டர் என்று அச்சிட்டிருந்தாலும் கோர், ரேடியேட்டர், வளைவுகள் எல்லாம் சேர்ந்த பிறகு பாதி வந்தால் ஏமாற்றமடைய வேண்டாம். கலவை மாற்றுவதற்கு முன்னும் பின்னும் இதைச் செய்தால், பிசுக்கின் விலை என்னவென்று உங்கள் வாளியிலேயே தெரிந்துவிடும்.

வெறும் தண்ணீரும் இன்ஹிபிட்டரும் என்றால் வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். கிளைக்கால் கலவையை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. வடித்த பழைய கூலன்டைச் சாக்கடையில் விடாமல், மூடி போட்ட கேனில் ஒர்க்‌ஷாப்பில் ஒப்படைக்க வேண்டும்.

ஐஸ், சில்லர்: சமவெளியிலும் உறையும் இடம்

கால் மைல் தூரம் நேராக ஓடும் டிராக் (drag) ரேஸில் டேங்கை ஐஸால் நிரப்பி ஓடுவார்கள். 500 குதிரைத்திறன் வண்டி பத்து விநாடி முழு ஆக்சிலரேட்டரில் ஓடினால் இன்டர்கூலர் எடுக்க வேண்டிய வெப்பம் சுமார் 300 கிலோஜூல். ஒரு கிலோ ஐஸ் உருகினாலே 334 கிலோஜூலை விழுங்கும். ஆக ஓர் ஓட்டத்துக்கு ஒரு கிலோகூட வேண்டாம், மற்றதெல்லாம் வரிசையில் காத்திருக்கும் நேரத்துக்குத்தான். இதற்கு வெறும் தண்ணீரும் இன்ஹிபிட்டரும்தான் பொருத்தம். கிளைக்கால் கலவையில் ஐஸைப் போட்டால் உருக உருக விகிதம் நீர்த்துக்கொண்டே போகும். இன்னும் குளிரட்டும் என்று உப்பைப் போட்டால் குளோரைடு ஒரே வாரத்தில் அலுமினியத்தில் வேலையைக் காட்டத் தொடங்கும். டிரை ஐஸ் தண்ணீரோடு சேர்ந்தால் கார்பானிக் அமிலம். மூடிய டேங்கில் போட்டால் அழுத்தம் ஏறி டேங்க் வெடிக்கவும் கூடும்.

சில்லர் வைத்தவர்களுக்கு விதியே வேறு. 2018 டாட்ஜ் டீமன் ஏசி கேஸைத் திருப்பிவிட்டு இன்டர்கூலர் திரவத்தைக் குளிர்வித்தது. அதே வழியில் வெளியில் வாங்கிப் பூட்டும் கிட்டுகளும் உண்டு. சில்லர் தகட்டின் ஒரு பக்கம் ஏசி கேஸ் பூஜ்யத்துக்குக் கீழே போகலாம். மறுபக்கம் ஓடும் தண்ணீர் சராசரியாக 5 டிகிரியில் இருந்தாலும், தகட்டை ஒட்டிய படலம் உறைந்து வழியை அடைக்கும். மே மாதத்துச் சென்னையிலும் இப்படி நடக்கலாம். ஆகவே சில்லர் இருந்தால் ஊர் எதுவானாலும் 30 சதவீத கிளைக்கால்.

கெட்டுப்போனால் எப்படித் தெரியும்

டேங்கின் அடியில் வெண்மையாகத் தயிர்ப்படலம் போல எதுவாவது படிந்தால் அது அலுமினியம் ஹைட்ராக்சைடு. உங்கள் இன்டர்கூலர்தான் கரைந்துகொண்டிருக்கிறது. பழுப்பு நிறமென்றால் எங்கோ இரும்புத் துண்டு இருக்கிறது. கூலன்டுக்குள் எண்ணெய்ப் பளபளப்பு தெரிந்தால் டர்போவிலிருந்து காற்றோடு வரும் எண்ணெய் கோரின் ஓட்டை வழியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஓட்டை விழுந்த கோர்தான் இருப்பதிலேயே ஆபத்து. பூஸ்ட் ஏறும்போது காற்றின் அழுத்தம் கூலன்டைவிட அதிகம். டேங்கில் குமிழ் வரும், சில சமயம் மூடி வழியாகப் பீச்சும். ஆக்சிலரேட்டரை விட்டதும் மேனிஃபோல்டில் வெற்றிடம். இப்போது கூலன்ட் இன்ஜினுக்குள் உறிஞ்சப்படும். தரையில் ஒரு சொட்டு லீக் இல்லை, ஆனால் மட்டம் இறங்கிக்கொண்டே போகிறது, காலையில் ஸ்டார்ட் செய்தால் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை என்றால் சந்தேகம் கோர் மேல்தான். இரவெல்லாம் சொட்டிச் சிலிண்டரில் தேங்கினால் ஸ்டார்ட்டர் சுழற்றும்போது கனெக்டிங் ராட் வளையும். சந்தேகம் வந்தபின் ஸ்டார்ட் செய்யாமல், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். டேங்க் மூடியில் எழுதிய அழுத்தத்துக்கு மிகாமல் சர்க்யூட்டைக் கைப்பம்பால் ஏற்றிப் பத்து நிமிடம் விட்டால், முள் இறங்குவதிலிருந்து விடை தெரியும். கோர் ஓட்டை என்று உறுதியானால் கோரோடு இன்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்ற வேண்டும். கிளைக்கால் கலந்த ஆயில் பேரிங்கைக் காக்காது.